துரையின் அமைதியான வியாழக்கிழமை

தட்டச்சுக்காரனுக்கு விரல்கள் மட்டும் போதும், வாசிப்பது அவன் வேலையல்ல என்று இந்தத் தொழிலில் எல்லா மேலதிகாரிகளும் நம்புகிறார்கள். நாங்கள் வாசிக்கிறோம். ஒரு வரி விடாமல் வாசிக்கிறோம். பிறருடைய கையெழுத்தில் கண் கெட்டுப்போன கிளாக்கர்மாரே, சுருக்கெழுத்துக்காரரே, கார்பன் மையில் சட்டைக் கை கறுத்தவர்களே, உங்களுக்கு இது தெரியும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், இருபத்திரண்டு வருடம் இரகசியக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான். எந்தக் கச்சேரி என்று கேட்காதீர்கள். எண்பத்திநாலில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் கிடைத்த ஒரு வேலையைப் பற்றியது இது. பிறவியிலேயே நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. அந்த வேலை என்னை முழுச் சந்தேகப் பிராணியாக்கிவிட்டது.

கையெழுத்துப் பரீட்சை

நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சிறிய அட்டை குத்தியிருந்தது. பழைய நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்ய ஆள் தேவை, மோசமான கையெழுத்தை வாசிக்கத் தெரிய வேண்டும், வாய் காக்கத் தெரிய வேண்டும். வீடு நகரத்து ஓரத்தில் ரூஜ் என்ற இடத்தில், ஆற்றுப் பக்கம். அப்போது அங்கே பாதி வீடுகள் கட்டி முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிச் சேற்றுப் பனியில் இருபது நிமிடம் நடந்தேன். கதவைத் திறந்தவர் எண்பது வயது வெள்ளைக்காரர், மிஸ்டர் வேக்லி. ஆபிரிக்காவில் ஏரிக்கரையிலிருந்த ஒரு நாட்டில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். பார்த்தவுடனேயே எனக்குள் அவர் துரை ஆகிவிட்டார். அந்தச் சாதி மனிதரை எங்கள் கச்சேரியில் வேறு எப்படியும் சொன்னதில்லை.

அந்த நாடு பிரித்தானியருக்குச் சொந்தமான நாடு அல்ல, அவர்களுடைய பாதுகாப்பில் இருந்த நாடு என்பதை முதல் அரைமணித்தியாலத்தில் மூன்று தடவை சொன்னார். அங்கத்து ராசாவே வந்து கேட்டுக்கொண்டாராம். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

பரீட்சைக்கு ஒரு குறிப்புப் புத்தகத்தை நீட்டினார். எழுத்துகள் எல்லாம் காற்றடித்த நெல்லுப்போல ஒரு பக்கம் சரிந்து கிடந்தன. நான் மூச்சு விடாமல் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். எங்கள் கச்சேரியின் பழைய கோப்பறையில் அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளின் நாட்குறிப்புகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. எல்லாம் இதே கையெழுத்துத்தான். ஒரே வாத்தியார் எல்லாருக்கும் எழுதப் பழக்கினாரோ தெரியாது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். துரை புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டுக் கேட்டார்: “இந்தப் புத்தகம் இதற்கு முன்பு உமக்கு எங்கே கிடைத்தது?”

நாலாகக் கிழித்த கார்பன்

முதல் நாள் வேலை முடிந்ததும் பாவித்த கார்பன் தாள்களை நாலு நாலாகக் கிழித்து, ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையொப்பமும் வைத்து, மேசையில் வைத்தேன். இரகசியக் கடிதம் அடித்தவர்களுக்கு இது பல்லு விளக்குவது மாதிரி. கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் எவனும் வாசித்துவிடுவான்.

துரை அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே கட்டளையைத்தான் அவர் எனக்குச் சொல்ல வாயெடுத்திருந்தார். அவருடைய மாவட்டத்தில் அவர் போட்ட விதியாம் அது. அவர் சொல்வதற்கு முன்பே நான் செய்து வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. உம்மை யார் அனுப்பியது, பழைய மேலதிகாரியின் பெயர் என்ன என்று விசாரணை தொடங்கியது. மறுநாள் முதல் குறிப்புப் புத்தகத்தின் மேல் ஒரு பென்சிலைச் சரிவாக வைத்துவிட்டுப் போனார், நான் வேறு பக்கங்களைத் திறக்கிறேனா என்று பார்க்க. நானும் அந்தப் பென்சிலைப் பத்திரமாக எடுத்து, வேலை முடிந்ததும் அதே சரிவில் திருப்பி வைத்தேன். ஒரு கிழமை இப்படிப் போனது. கடைசியில் அவர் தன் மனைவியிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: “இவ்வளவு ஒழுங்காக இருப்பவன் எதையோ மறைக்கிறான்.”

வோபர்ன் விசாரணைச் சபை

நான் குடியிருந்தது ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், இரண்டு அறை அப்பார்ட்மென்ரில் ஐந்து ஆம்பிளைகள். எண்பத்திமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும். இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அதனால் என்னைக் ‘கிளாக்கர்’ என்று கூப்பிட்டார்கள். அதனாலேயே என்னை நம்பவும் இல்லை. அரசாங்கக் கதிரையில் இருந்தவன்தானே.

எங்களுக்குள் மூத்தவர் சிவம் அண்ணை. நான் வேலை பார்த்த அதே ஊரில் தம்பியாரோடு சேர்ந்து பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஒருநாள் சீருடைக்காரர் வந்துபோன பிறகு கடையும் இல்லை, தம்பியும் இல்லை. அதற்கு மேல் அவர் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆபிரிக்காவைப் பற்றி ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் புத்தகம் எழுதுகிறார், அதை ரைப் அடிக்க எனக்குச் சம்பளம் என்பதை ஒருவரும் நம்பவில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சிவம் அண்ணை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, உண்மையைச் சொல்லும், நீர் அங்க ரைப் அடிக்கிறது அந்த வெள்ளைக்காரன்ர கதையோ, எங்கட கதையோ?”

ஒரு வரி

துரை விரிவாக எழுதும் ஆள். பாம்பு அடித்தால் அரைப் பக்கம். தோணிப் போட்டி என்றால் மூன்று பக்கம். ராசாவின் குடை என்ன நிறம், அதைப் பிடித்தவன் எத்தனை அடி பின்னால் நின்றான் என்பதுவரை இருக்கும். அப்படி அடித்துக்கொண்டே போகும்போது ஒரு வியாழக்கிழமை வந்தது. ‘நாள் அமைதியாகக் கழிந்தது.’ முழுதும் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை துரை லீவில் போய்விட்டார்.

என் விரல் நின்றுவிட்டது. உண்மையிலேயே அமைதியான நாள் என்றால் ஒரு மாவட்ட அதிகாரிக்கு எழுத எவ்வளவோ உண்டு. கிணற்றுச் சண்டை, மாடு வயலில் இறங்கினது, பள்ளிக்கூடத்துக் கூரை. ஏதாவது நடந்துவிட்ட நாளில்தான் அறிக்கை ஒரு வரியில் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே எங்கள் தலைமைக் கிளாக்கர் இதை எனக்குச் சொல்லித் தந்தார், ஒரு வரி வந்தால் கேள்வி கேட்காமல் அடித்துக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடு என்ற புத்தியோடு சேர்த்து.

ரொறன்ரோவில் இருக்கிறோம் என்ற துணிச்சலோ என்னவோ, நான் கேட்டுவிட்டேன். “சேர், வியாழக்கிழமையில் ஏதாவது விடுபட்டுவிட்டதா?” துரை கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து வளவில் புதுவீட்டுக்கு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: “அங்கே இருந்தவர்கள் யாராவது உம்மோடு பேசினார்களா?”

இரண்டரைப் பக்க மழை

அடுத்த கிழமை போனபோது குறிப்புப் புத்தகத்தில் புதிய தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. வியாழக்கிழமை இப்போது இரண்டரைப் பக்கம். விடியற்காலை தொடங்கி அடைமழை. ஆறு பெருகியது. துரை பள்ளிக்கூடத்தைப் பார்வையிடுகிறார், பிள்ளைகள் பாடுகிறார்கள், ஒரு பசுமாடு வெள்ளத்தில் அகப்பட்டு மீட்கப்படுகிறது. வாசிக்க அருமையாக இருந்தது.

ஒரு வரியாக இருந்தால் என்னைப்போல இன்னொரு சந்தேகப் பிராணி எப்போதாவது அதில் தடுக்கி விழுந்திருப்பான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எந்த இடத்தில் ஓட்டை என்று காட்டிக் கொடுத்து, அதை அடைக்கவும் வைத்துவிட்டேன். பிறகு என்ன, அடித்தேன். அடிப்பதுதானே வேலை.

அப்போது மிஸிஸ் வேக்லி தேத்தண்ணி கொண்டுவந்தார். சீனி எத்தனை கரண்டி என்பதைத் தவிர அதுவரை என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோப்பையை வைத்தவர் போகவில்லை. என் தோளுக்கு மேலால் தாளை வாசித்தார், மெதுவாக, கடைசிவரை. துரை தோட்டத்தில் இருக்கிறார் என்பதை யன்னலால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அன்றைக்கு மழை பெய்யவில்லை. பெய்திருந்தால் அந்தக் கிராமத்துத் தீ அணைந்திருக்கும்.”

சிவம் அண்ணையின் கடிதம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிவம் அண்ணை உடைக்காத ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். குடிவரவுக் கடிதம். எல்லாரும் சுற்றி இருந்தார்கள். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் சொல்லும் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அந்த மாவட்டம் அமைதியாக இருந்ததென்று அரசாங்க அறிக்கை சொல்கிறதாம். நகல் இணைக்கப்பட்டிருந்தது.

நகலைத் திருப்பினேன். ‘நிலைமை சுமுகம். அசம்பாவிதம் எதுவும் இல்லை.’ கீழே அதிகாரியின் கையொப்பம். இடது பக்கத்து மூலையில், கந்தோரில், அதாவது அலுவலகத்தில், அடிக்கும் எல்லாக் கடிதங்களிலும் இருப்பதுபோல, அதை அடித்தவனின் முதலெழுத்துகள் இரண்டு, சின்னதாக. அவை என்னுடைய எழுத்துகள்.

அந்த நாள் எனக்கு மறக்கவில்லை. அதிகாரி எழுதித் தந்தார். நான் அடித்தேன். யன்னலுக்கு வெளியே கடைத்தெருப் பக்கம் புகை எழும்பியது. நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து மிச்சத்தை அடித்தேன். சிவம் அண்ணையிடம் அந்த நாளைப் பற்றி நான் கேட்காததற்குக் காரணம் இதுதான். அதே மாதம் சீருடைக்காரர் என்னையும் கொண்டுபோய் மூன்று கிழமை அடைத்து வைத்திருந்தார்கள். சுமுகமாக அடித்துக் கொடுத்தவன் என்று ஒருவரும் இரக்கம் காட்டவில்லை.

கடிதத்தை முழுதாகச் சத்தமாக வாசித்தேன். மூலையில் இருந்த இரண்டு எழுத்துகளை மட்டும் வாசிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விஷயங்களில் அதுவும் ஒன்று. சிவம் அண்ணை நகலை வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், அந்த ஒரு வரியை விரலால் தடவிப் பார்த்தார். “என்ர தம்பி எரிஞ்ச நாள் சுமுகமாம். இதை அடிச்சவன் வீட்டை போய்ச் சோறு திண்டிருப்பானோ?”

துரை சொன்ன புத்தி

கணக்கு லேசானது. நான் வாயைத் திறக்காவிட்டால் சிவம் அண்ணையைத் திருப்பி அனுப்புவார்கள். திறந்தால், பொய் அறிக்கை அடித்தவன் என்று என் விண்ணப்பமே கவிழும். யாழ்ப்பாணத்தில் மனைவியும் மகளும் என் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் ஏற்கப்பட்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். மகள் ஒவ்வொரு கடிதத்திலும் தன் உயரத்தை எழுதி அனுப்புவாள், உடுப்பு வாங்க வசதியாக இருக்குமாம்.

யாரிடம் யோசனை கேட்பது? இந்த விஷயத்தில் அனுபவசாலி எனக்குத் தெரிந்தவரில் ஒருவர்தான். துரையிடம், வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரிச் சொன்னேன். பாதியிலேயே பிடித்துவிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை நல்ல கதிரையில் இருக்கச் சொன்னார். எழுதியவன் வேறு, கையொப்பமிட்டவன் வேறு, அடித்தவனுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என்று அன்பாக விளக்கினார். எனக்கு அது இதமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நன்றாக நித்திரை கொண்டேன்.

மூன்றாம் நாள்தான் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல நியாயம் கையில் இருக்கிற மனிதர் என்னத்துக்கு எண்பது வயதில் மழை ஒட்டிக்கொண்டிருக்கிறார்? ஆனால் யோசனை கேட்கப் போன அன்றைக்கு அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. துரை வாசல்வரை வந்து வழியனுப்பிச் சொன்னார்: “நினைவில்லை என்று சொல்லும். நினைவில்லை என்பதைப் பொய்யென்று யாராலும் நிரூபிக்க முடியாது.”

நம்பிக்கையான ஆள்

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில், நகலின் மூலையில் இருக்கும் எழுத்துகள் என்னுடையவை என்று சிவம் அண்ணையிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவர் மடித்த சாரங்களைப் பையில் வைத்தார், ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல். பிறகு மேலே போய்விட்டார். அன்று தொடக்கம் அவருடைய சோற்றுப் பானை தனி.

அவருடைய வழக்கறிஞர், லோயர் அம்மா, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, இது என் சொந்த வழக்கை என்ன செய்யும் என்று விளங்குகிறதா என்று மூன்று தடவை கேட்டார். விளங்குகிறது என்று மூன்று தடவையும் சொன்னேன். சத்தியக் கடதாசியை அவருடைய கந்தோர் மெஷினில் நானே அடித்தேன், மூன்று பக்கம். புகை, யன்னல், சாத்தினது, மூலையில் இருக்கிற எழுத்துகள் யாருடையவை என்பது, எல்லாம். பழக்கத் தோஷத்தில் கார்பனையும் நாலாகக் கிழித்துவிட்டேன். லோயர் அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரையிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் சொன்னேன். அடுத்து அடிக்க வேண்டிய அத்தியாயம் மேசையில் தயாராக இருந்தது. அதை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். என்மேல் கோபமில்லை என்றார். குரலும் அப்படித்தான் இருந்தது. மிஸிஸ் வேக்லி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துரை சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்: “மன்னிக்க வேண்டும், இந்த வேலைக்கு எனக்கு நம்பிக்கையான ஆள் தேவை.”

இரண்டு கோப்புகள்

மிச்சத்தை யார் அடித்தார்களோ தெரியாது, அடுத்த வருடம் துரையின் புத்தகம் வந்துவிட்டது. நூலகத்தில் வரலாறு அடுக்கில் வைத்திருந்தார்கள். நேரே வியாழக்கிழமையைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு வாசகர் பக்க ஓரத்தில் பென்சிலால், ‘மனதைத் தொடும் இடம்’ என்று எழுதியிருந்தார்.

சிவம் அண்ணையின் வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தப் புகை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் பதினைந்து நிமிடம் கேட்டார்கள். பிறகு ஒருநாள் கடிதம் வந்தது. எத்தனையோ மாதம் என்னோடு பேசாதவர், இங்கிலீஷ் தெரிந்த வேறு ஆட்கள் வீட்டில் இருந்தும், அதைக் கொண்டுவந்து என் முன்னால்தான் வைத்தார். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியாக வாசித்தேன், மூலையில் இருந்த முதலெழுத்துகள் உட்பட. யாரோ முகம் தெரியாத ஒரு தட்டச்சுக்காரருடையவை. கேட்டு முடித்து, கடிதத்தை மடித்து, கதவடிவரை போய்த் திரும்பி நின்றார் சிவம் அண்ணை: “உம்மை நம்பிறன் எண்டு நான் சொல்லமாட்டன், கிளாக்கர். ஆனா நீர் அடிச்சதை அவங்கள் நம்பினதாலதான் நான் இஞ்ச நிக்கிறன்.”

என்னுடைய கோப்பு இன்னும் திறந்தபடிதான். அதே மூன்று பக்கம் சிவம் அண்ணையின் கோப்பில் சாட்சி, என் கோப்பில் குற்ற ஒப்புதல். பொய் அரச ஆவணம் தயாரித்ததாகத் தானே ஒத்துக்கொண்ட ஒருவருடைய மற்றக் கூற்றுகளை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று யோசிக்கிறார்களாம். மகள் போன கிழமைக் கடிதத்தில் உயரம் எழுதவில்லை, இனி வளர மாட்டாளாம்.

இருபத்திரண்டு வருடம் அரசாங்கத்துக்கும் ஒன்றரை வருடம் துரைக்கும் நான் அடித்துக் கொடுத்ததில் ஒரு வரியையும் ஒருவரும் சந்தேகப்படவில்லை, என் சொந்த வார்த்தையில் அடித்த அந்த மூன்று பக்கத்தைத்தான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.